டேங்குக்குப் போகும் மக்காச்சோளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலுக்காக மக்காச்சோளப் பரப்பு பெருகிவருவது பற்றி விவசாயிகள், கோழிப் பண்ணையாளர்கள், வாகன ஓட்டிகள் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு நான்கு ஏக்கர் மானாவாரிக் கரிசல். இதுவரை பருத்தியும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போட்டேன். எத்தனால் ஆலைகள் வாங்குவதால் இனி விலை இறங்காது என்று விதைக்கடையில் சொல்கிறார்கள். புரட்டாசிப் பட்டத்தில் நான்கு ஏக்கரிலும் மக்காச்சோளமே போடலாமா?
வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

போட வேண்டாம். பாதிக்கு மேல் போகாதீர்கள். விலை இறங்காது என்ற பேச்சுக்கு அடிப்படை கிடையாது, 2025-லேயே இறங்கிவிட்டது.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2023 ஜூலையில், எத்தனாலுக்காக இந்திய உணவுக் கழகக் கிடங்கில் இருந்து அரிசி கொடுப்பதை மத்திய அரசு நிறுத்தியது. அந்த டிசம்பரில் கரும்புச் சாற்றில் எத்தனால் எடுக்கவும் கட்டுப்பாடு வந்தது. ஆலைகள் ஓட வேண்டுமே, மக்காச்சோளத்தின் பக்கம் திருப்பினார்கள். 2024 ஜனவரியில் லிட்டருக்கு 5 ரூபாய் 79 காசு ஊக்கத்தொகை சேர்த்து, மக்காச்சோள எத்தனாலுக்கு 71 ரூபாய் 86 காசு விலை வைத்தார்கள். மண்டியில் விலை ஏறியது உண்மை. 2,090 ரூபாய் ஆதரவு விலையைத் தாண்டியும் பல இடங்களில் விற்றது. அந்த ஒரு வருடத்து விலையைத்தான் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு கிடங்கில் அரிசி மலையாகக் குவிந்தது. 2025 ஜனவரியில் அதே அரிசியை எத்தனாலுக்குக் குவிண்டால் 2,250 ரூபாய்க்குத் தர முடிவெடுத்தார்கள். முதலில் 24 லட்சம் டன், பிறகு 52 லட்சம் டன். ஆலைக்கு இப்போது இரண்டு கதவு. இன்னொரு பக்கம், நல்ல விலையைப் பார்த்த விவசாயிகள் நாடு முழுக்கப் பரப்பைக் கூட்டியிருந்தார்கள். 2025 நவம்பரில் கர்நாடகத்தில் குவிண்டால் 1,600 முதல் 1,800 ரூபாய் வரை போனது. அந்த ஆண்டு ஆதரவு விலை 2,400. மாநில முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் பிரச்சினை போயிற்று.

ஆலை கொடுக்கக்கூடிய விலைக்கும் ஒரு கூரை உண்டு. ஒரு குவிண்டால் மக்காச்சோளத்தில் 38 லிட்டர் எத்தனால் என்பது இங்கே வைத்திருக்கும் கணக்கு. 38-ஐ 71.86-ஆல் பெருக்கினால் 2,730 ரூபாய். அதோடு சுமார் 30 கிலோ தீவனச் சக்கை கிடைக்கும். இந்த வரவுக்குள்தான் உமி, கரி, நொதி, ஆள்கூலி, வங்கி வட்டி, லாரி வாடகை எல்லாம் அடங்க வேண்டும். எத்தனால் விலையை எண்ணெய் நிறுவனங்கள் வழியாக அரசு நிர்ணயிக்கிறது. ஆகவே உங்கள் காட்டில் மழை பொய்த்து விளைச்சல் பாதியானாலும் ஆலை இந்தக் கூரைக்கு மேல் தராது. விளைச்சல் கூடினால் கீழே இறங்குவதற்கோ தரையே இல்லை. ஆதரவு விலை அறிவிப்போடு நின்றுவிடுகிறது. நெல்லுக்கு இருப்பதுபோல் ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் மக்காச்சோளத்துக்கு இல்லை.

ஏக்கருக்கு 25 குவிண்டால் என்று வைத்தால், விலையில் நூறு ரூபாய் இறங்கும்போது ஏக்கருக்கு 2,500 ரூபாய் போகிறது. 2,400-ஐ நம்பிப் போட்டு 1,700-க்கு விற்றால் 17,500 ரூபாய். நான்கு ஏக்கருக்கு 70,000. ஒரு உத்தரவில் ஏறி, இன்னொரு உத்தரவில் இறங்கும் பயிரில் இவ்வளவையும் வைக்கலாமா என்று யோசியுங்கள்.

இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் வையுங்கள். மீதியில் பருத்தியோ துவரையோ கம்போ இருக்கட்டும். அடுத்த பட்டத்தில் காட்டை மாற்றிக்கொள்ளுங்கள். பயறு வகை போட்ட நிலத்தில் அடுத்து வரும் மக்காச்சோளத்துக்கு யூரியா செலவும் குறையும்.

அறுவடையில் கைவிட்டுப் போகும் பணத்தையும் சொல்லியாக வேண்டும். 20 சதவீத ஈரத்தோடு 100 கிலோ கொண்டுபோனால், 14 சதவீதத்துக்குக் காயும்போது அது 93 கிலோதான். வியாபாரி பெரும்பாலும் 7 கிலோவுக்கும் மேலேயே கழிப்பார். கதிர் மூடிய உறை நன்றாக வெளுத்து, மணி காம்போடு சேரும் அடிமுனையில் கறுப்புப் படலம் தெரிந்த பிறகு ஒடியுங்கள். உலர்களத்தில் இரண்டு மூன்று விரல்கட்டைக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, வெயிலில் அடிக்கடி கிளறிவிடுங்கள். தார்ச்சாலையில் கொட்டி இரவில் தார்ப்பாயைப் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து, இரண்டே நாளில் பச்சைப் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தின் நஞ்சு எங்கே போய் முடிகிறது என்பதை நாமக்கல் கேள்வியில் சொல்கிறோம்.

கேள்வி: மக்காச்சோளத்தில் இருந்து எத்தனால் எப்படி எடுக்கிறார்கள்? ஒரு மூட்டையில் எவ்வளவு வரும்?
கல்லூரி மாணவி, சேலம்

100 கிலோ மூட்டை ஒன்றைப் பின்தொடர்ந்து போவோம். கல், தூசி நீக்கிய மணியைச் சுத்தியல் ஆலையில் ரவைபோல் உடைக்கிறார்கள். அதை வெந்நீரில் கரைத்து, ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சேர்த்து 85 டிகிரிக்கு மேல் வேகவைத்தால் மாவுச்சத்து கஞ்சிபோல் இளகும். ஆறவைத்து 60 டிகிரி அளவில் குளுக்கோஅமைலேஸ் சேர்த்தால் அது சர்க்கரையாகிறது. பிறகு ஈஸ்ட். 32 டிகிரியில் இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புளிக்க வேண்டும். வெப்பம் 36, 37 என்று ஏறினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். தொட்டி சுத்தமாக இல்லாவிட்டால் பாக்டீரியா புகுந்து சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிவிடும். இரண்டிலும் லிட்டர் குறையும்.

புளித்த கூழில் ஆல்கஹால் 12 முதல் 14 சதவீதம்தான். மீதி தண்ணீரும் சக்கையும். காய்ச்சி வடித்தால் 95 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் வெறும் காய்ச்சலில் தண்ணீர் பிரியாது. கடைசித் தண்ணீரை மூலக்கூறு சல்லடை என்ற மணிகள் நிரப்பிய கோபுரத்தில் உறிஞ்சவிட்டு 99.5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகிறார்கள். பெட்ரோலில் கலக்க இந்தத் தூய்மை வேண்டும்.

முடிவில் 100 கிலோ மூட்டை ஏறக்குறைய மூன்றாகப் பிரிகிறது: 30 கிலோ எத்தனால், அதாவது 38 லிட்டர், கிட்டத்தட்ட அதே எடைக்குக் கரியமில வாயு, 30 கிலோ உலர்ந்த சக்கை. சக்கையில் மாவுச்சத்து போய்ப் புரதமும் கொழுப்பும் நாரும் தங்கும். டிடிஜிஎஸ் என்று தீவனக் கடையில் விற்பது இதுதான். அதை உலர்த்தவும், கூழைக் காய்ச்சவும் கொதிகலன் இரவு பகலாக எரிய வேண்டும். எரிபொருள் உமியா நிலக்கரியா என்பதைப் பொறுத்து அந்த எத்தனாலின் 'பசுமை' மாறிவிடும்.

கேள்வி: மக்காச்சோளத்துக்கும் முட்டை விலைக்கும் என்ன சம்பந்தம்? டிடிஜிஎஸ் போட்டுத் தீவனச் செலவைக் குறைக்க முடியுமா?
முட்டைக்கோழிப் பண்ணையாளர், நாமக்கல்

சம்பந்தத்தைக் கிராம் கணக்கில் சொல்லலாம். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் 55 முதல் 60 சதவீதம் மக்காச்சோளம், அதாவது 63 கிராம் அளவு. கிலோவுக்கு 1 ரூபாய் ஏறினால் கோழிக்கு ஒரு நாளைக்கு 6.3 பைசா. நூறு கோழிக்குத் தொண்ணூறு முட்டை என்றால் முட்டை ஒன்றுக்கு 7 பைசா. கிலோ 20 ரூபாயில் இருந்து 27-க்குப் போனால் முட்டைக்கு அரை ரூபாய் ஏறுகிறது. லட்சம் கோழி வைத்திருப்பவருக்கு அது நாளொன்றுக்கு 44,000 ரூபாய். முட்டை விலையை நீங்கள் நினைத்த மாதிரி ஏற்ற முடியாது. ஏற்றினால் அதை வாங்குவது கூலி வேலைக்குப் போகிறவர் வீடும் சத்துணவுக் கூடமும். நாட்டின் மக்காச்சோளத்தில் பெரும்பங்கை வழக்கமாக வாங்கிவந்தவை கோழிப் பண்ணைகளும் கால்நடைத் தீவன ஆலைகளும்தான். அந்த வரிசையில் அரசு நிர்ணயித்த விலையோடு எத்தனால் ஆலை வந்து நின்றது. வழக்கமாக ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024-ல் மியான்மரில் இருந்தும் உக்ரைனில் இருந்தும் இறக்குமதி செய்யும்படி ஆனது.

டிடிஜிஎஸ் விஷயத்துக்கு வருவோம். மக்காச்சோள டிடிஜிஎஸ்ஸில் புரதம் 26 முதல் 30 சதவீதம். அரிசி டிடிஜிஎஸ்ஸில் 45 வரை. அது சோயாப் புண்ணாக்கின் இடத்தைக் கொஞ்சம் பிடிக்கும், மக்காச்சோளத்தின் இடத்தைப் பிடிக்காது. மாவுச்சத்துதான் ஏற்கனவே பெட்ரோல் பங்குக்குப் போய்விட்டதே. 5 சதவீதத்தில் தொடங்குங்கள். 10-க்கு மேல் போவதானால் உணவூட்டவியலாளரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு போங்கள். லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் செயற்கை லைசினைச் சேர்க்க வேண்டும்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். பொன்மஞ்சளாக, புளித்த தானிய வாசனையோடு இருந்தால் நல்லது. காப்பிப்பொடி நிறத்தில் கருகிய வாசனை அடித்தால் உலர்த்தியில் அதிகச் சூடு பட்டிருக்கிறது. சீட்டில் புரதம் 28 என்று இருந்தாலும் லைசின் கட்டுண்டு கிடக்கும், கோழிக்குச் சேராது. யூரியா கலந்து புரதக் கணக்கை உயர்த்திக் காட்டும் மோசடியும் உண்டு. ஆய்வகத்தில் மொத்த நைட்ரஜனோடு நிறுத்தாமல், உண்மைப் புரதத்தையும் யூரியாவையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அஃப்ளாடாக்சின். சாலையோரத்தில் பூசணம் பிடித்த மணியில் இருக்கும் இந்த நஞ்சு, நொதித்தாலும் காய்ச்சினாலும் அழிவதில்லை. மாவுச்சத்து கழன்றுபோக, மூன்று கிலோ மணியின் நஞ்சு ஒரு கிலோ சக்கையில் வந்து தங்கும். மணியில் 15 பிபிபி (நூறு கோடியில் 15 பங்கு) இருந்தால் சக்கையில் 45 பக்கம். ஒவ்வொரு லோடுக்கும் சோதனை வேண்டும். அதுவும் ஒரு மூட்டையில் அள்ளிய மாதிரி போதாது. பத்துப் பன்னிரண்டு மூட்டைகளில் மேல், நடு, அடி என்று குத்தூசி போட்டு எடுத்துக் கலந்து அனுப்புங்கள். நஞ்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

மக்காச்சோளத்துக்குப் பதில் கம்பு, வெள்ளைச் சோளம், அரிசிக் குருணை மூன்றும் உதவும். குருணை கூடினால் மஞ்சள்கரு வெளுக்கும். நிறமி மக்காச்சோளத்தில் இருந்துதான் வருகிறது. செண்டுமல்லி நிறமிச் சாறு சேர்த்துச் சரிக்கட்டலாம்.

மலிவான டிடிஜிஎஸ் பெருகியதன் அடி இன்னொரு விவசாயியின் முதுகிலும் விழுந்தது. புண்ணாக்கின் தேவை குறைந்ததும் ஒரு காரணமாக, 2024-ல் சோயா விலை 4,892 ரூபாய் ஆதரவு விலைக்குக் கீழே கிடந்தது. 2025 கரீஃபில் சோயாப் பரப்பு குறைந்து மக்காச்சோளம் கூடியது. நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. கச்சா எண்ணெயில் மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் அந்நியச் செலாவணியில் ஒரு பகுதி சமையல் எண்ணெய்க் கப்பலில் திரும்பிப் போகிறது என்பதைக் கணக்கில் காட்டத்தானே வேண்டும்?

கேள்வி: எத்தனால் பசுமை எரிபொருள் என்று எல்லா விளம்பரமும் சொல்கிறது. வெளிநாட்டு அனுபவம் என்ன சொல்கிறது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை

இதில் அமெரிக்காவைப் பார்ப்பதுதான் பொருத்தம். அங்கே 2005-லும் 2007-லும் சட்டம் போட்டுப் பெட்ரோலில் எத்தனாலைக் கட்டாயமாக்கினார்கள். மக்காச்சோள எத்தனாலுக்கு ஆண்டுக்கு 1,500 கோடி கேலன் வரை இடம் ஒதுக்கினார்கள். இன்றைக்கு அந்நாட்டு மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. அதில் மிஞ்சும் சக்கை தீவனமாகத் திரும்புகிறது, அதையும் சொல்லவேண்டும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டைலர் லார்க் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தச் சட்டம் மக்காச்சோள விலையை 30 சதவீதம் உயர்த்தியது. 2008 முதல் 2016 வரையிலான காலத்தில் மக்காச்சோளப் பரப்பை 28 லட்சம் ஹெக்டேர் கூட்டியது. உர உபயோகம் நாடு முழுக்க 3 முதல் 8 சதவீதம் கூடியது. அந்த எத்தனாலின் கரியமில அளவு பெட்ரோலைவிடக் குறைவில்லை, குறைந்தது 24 சதவீதம் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு என்பது அவர்கள் முடிவு. அமெரிக்க வேளாண் துறைக்காக 2019-ல் செய்த ஆய்வோ பெட்ரோலைவிட 39 சதவீதம் குறைவு என்றது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நிலத்தை எப்படிக் கணக்கு வைப்பது என்பதில்தான் சண்டை. புல் மூடிய தரிசு பல்லாண்டு காலமாக வேரிலும் மண்ணிலும் கரிமத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அதை உழுதவுடன் அந்தக் கரிமம் காற்றோடு போகிறது. விவசாயிக்கு வாடகை கொடுத்து நிலத்தைப் புல்லாக விட்டுவைக்கும் திட்டம் ஒன்று அங்கே உண்டு. 2007-ல் அதில் 3.68 கோடி ஏக்கர் இருந்தது, 2016-ல் 2.4 கோடி ஏக்கர். மக்காச்சோளம் நல்ல விலைக்குப் போகும்போது யார் புல்லை வளர்ப்பார்கள்? ஆலைக்குள் நடப்பதை மட்டும் கணக்கிட்டால் எத்தனால் நல்ல பிள்ளை. உழுத நிலத்தையும் சேர்த்தால் கணக்கு கவிழ்கிறது. நிலத்தைச் சேர்க்காத கணக்கை நம்புவதற்கில்லை என்பதே எங்கள் கருத்து.

தண்ணீரில் நடந்ததோ யாரும் மறுக்க முடியாதது. அயோவா மாநிலத்து வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய் பதித்திருக்கிறார்கள். மழை பெய்தால் உரத்தில் பயிர் எடுக்காமல் மிஞ்சும் நைட்ரேட் மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே குழாய் வழியாக ஓடைக்கு வரும். டெ மாயின் நகரத்துக் குடிநீர் நிலையம் ராக்கூன், டெ மாயின் என்ற இரண்டு ஆறுகளை நம்பியிருக்கிறது. நைட்ரேட்டை நீக்குவதற்கென்றே 1990-களின் தொடக்கத்தில் தனி ஆலை கட்டினார்கள். செலவு தாங்காமல் 2015-ல், மேலே இருக்கும் மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மேல் வழக்குப் போட்டார்கள். 2017-ல் தள்ளுபடி ஆனது. 2025 ஜூனில் ஆற்றில் நைட்ரேட் ஏறியபோது, வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட்டார்கள். உரம் போட்டவரும் சுத்தம் செய்யப் பணம் கட்டுபவரும் வேறு வேறு ஆட்கள். மிசிசிப்பி வழியாகக் கடலுக்குப் போன மிச்சம், மெக்சிகோ வளைகுடாவில் ஆக்சிஜன் இல்லாத பரப்பை ஒவ்வொரு கோடையிலும் உண்டாக்குகிறது. 2017-ல் அது 22,720 சதுர கிலோமீட்டர்.

நம் காட்டுக்கு வருவோம். இறவையில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) பரிந்துரை. டிஏபி உரத்தில் வருவது போக 190 கிலோ யூரியா, நாலு மூட்டைக்கு மேல். 30 குவிண்டால் விளைந்தால் 1,140 லிட்டர் எத்தனால். லிட்டருக்கு 167 கிராம் யூரியா, இரண்டு கைப்பிடி. அந்த யூரியாவைச் செய்ய வேண்டிய இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. போட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக ஆவியாகும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட சராசரி. அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டும். லிட்டர் எத்தனாலுக்கு இது 376 கிராம் கரியமிலத்துக்குச் சமம். ஒரு லிட்டர் எத்தனால் மிச்சப்படுத்தும் பெட்ரோல் புகையோ 1,500 கிராம். சக்கைக்கு உரிய பங்கைக் கழித்தாலும், ஆலையின் கரி, டிராக்டரின் டீசல் எதையும் சேர்க்கும் முன்பே ஆறில் ஒரு பங்கு காட்டிலேயே போய்விடுகிறது.

கேள்வி: கரும்பைவிட மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் குறைவுதானே?
வாசகர், திண்டுக்கல்

குறைவுதான். கரும்பில் இருந்து எடுக்கும் ஒரு லிட்டர் எத்தனாலுக்குக் குறைந்தது 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் 2021-ல் சொன்னது. இறவை மக்காச்சோளத்துக்கு 500 மில்லிமீட்டர் வேண்டும். ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். 1,140-ஆல் வகுத்தால் எத்தனால் லிட்டருக்கு சுமார் 1,775 லிட்டர். மானாவாரியில் இதை வானம் கொடுக்கிறது, கேள்வியே இல்லை. கரும்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் போட்டாலும் லாபம்தான். தை, மாசியில் போர்வெல் தண்ணீரை நம்பி, உளுந்தும் எள்ளும் போட்ட இடத்தில் மக்காச்சோளம் போடும்போதுதான் கணக்கு தலைகீழாகிறது. உளுந்துக்கு இதில் ஏறக்குறைய பாதித் தண்ணீரே போதும்.

கேள்வி: படைப்புழு வருடாவருடம் கூடுகிறது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. ஏன்?
விவசாயி, அரியலூர்

இந்தியாவில் 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் கண்ட புழு இது. அதே ஆண்டு நம் மாவட்டங்களின் மக்காச்சோளத்தையும் தாக்கியது. மக்காச்சோளம் இல்லாத மாதமே இல்லை என்று ஆனால், அதற்குப் பட்டினி என்பதே வராது. ஒரு காட்டில் கதிர் முற்றும்போது பக்கத்துக் காட்டில் முளை வந்தால் அந்துப்பூச்சி வேலியைத் தாண்டினால் போதும். பரப்பு பெருகுவதன் நேரடிச் செலவு இது.

ஊரோடு சேர்ந்து பத்துப் பதினைந்து நாளுக்குள் விதைத்து முடிப்பது முதல் மருந்து. ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கைக் கடைசி உழவில் போடுங்கள். வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும் வையுங்கள். பத்து வரிசைக்கு ஒரு இடைவெளி விட்டால் குருத்துக்குள் மருந்து இறங்கும்படி நடந்து அடிக்க முடியும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. 15, 20 நாளில் குளோரான்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்சி லிட்டருக்கு 0.4 மில்லி, 40, 45 நாளில் மருந்தை மாற்றி எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி லிட்டருக்கு 0.4 கிராம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு பழகிவிடும். கைத்தெளிப்பானின் முனை குருத்தை நோக்கி இருக்க வேண்டும். இலைமேல் பனிபோல் அடித்தது வீண். புழு பெருத்து, குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சம் அடைத்துவிட்டால் மருந்து உள்ளே போகாது. அதனால்தான் உங்களுக்கு அடங்கவில்லை.

கேள்வி: இ20 பெட்ரோலில் மைலேஜ் குறையுமா?
வாசகர், மதுரை

குறையும். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. 20 சதவீதம் கலந்தால் கணக்குப்படி 6, 7 சதவீதம் குறைவு. பழைய கார்களுக்கு 6 முதல் 7, இருசக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4, இ20-க்கென்றே மாற்றியமைத்த வண்டிகளுக்கு 1 முதல் 2 சதவீதம் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. பழைய வண்டியில் ரப்பர் குழாயும் வாஷரும் இறுகி வெடிக்கிறதா என்று சர்வீஸின்போது பார்த்து மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதானால் டேங்கில் நீர் இறங்காமல் மூடி இறுக்கமாக இருக்கட்டும். தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும்.

கேள்வி: இதே நிலத்தில் சூரிய மின்சாரம் எடுத்தால்?
பொறியாளர், திருநெல்வேலி

ஏக்கருக்கு 25 குவிண்டால், 950 லிட்டர் எத்தனால். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் போனால் கார் 9,500 கிலோமீட்டர் ஓடும். நம் வெயிலில் நான்கைந்து ஏக்கரில் நிறுவும் 1 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட் தரும். ஏக்கருக்கு 3 லட்சம் யூனிட்; மின்கார் 18 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போகும். கிட்டத்தட்ட 200 மடங்கு. நல்ல காட்டில் பேனல் பதிக்கச் சொல்லவில்லை. இவ்வளவு குறைந்த நிலம் போதும் என்றால் கூரையிலும் கல்லாங்குத்துத் தரிசிலும் முடித்துக்கொள்ளலாம், உணவு விளையும் மண்ணைத் தொடவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்குத் திரவ எரிபொருள் தேவை என்பது உண்மை. அதற்காகக் கெட்டுப்போன தானியத்தையும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸையும் எத்தனாலாக்குவதை யாரும் குறை சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எத்தனால் ஆலை வரப்போகிறது என்கிறார்கள். வேலை வாய்ப்பு என்று சிலரும் கிணறு கெடும் என்று சிலரும் சொல்கிறார்கள். நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?
ஊராட்சி வார்டு உறுப்பினர், தருமபுரி மாவட்டம்

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு 263 டன் மக்காச்சோளம் வேண்டும், 20 டன் லாரி 13. போகவர 26 நடை, எரிபொருளும் சக்கையும் தனி. ஆண்டுக்கு 330 நாள் ஓடினால் ஏறக்குறைய 35,000 ஏக்கரின் விளைச்சல். உங்கள் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பரப்பு இருக்கிறதா? இல்லையென்றால் எங்கிருந்து வரும், இங்கே விளையும் ராகியும் சோளமும் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

தண்ணீர், லிட்டர் எத்தனாலுக்கு 3 முதல் 4 லிட்டர். நாளொன்றுக்கு 3, 4 லட்சம் லிட்டர். எந்த மூலத்தில் இருந்து என்பது எழுத்தில் வேண்டும். நிலத்தடி நீர் என்றால் எத்தனை போர்வெல், எத்தனை அடி, அனுமதி எண் என்ன? 'கழிவுநீரே வெளியே வராது' என்பார்கள். அதற்குத் தேவையானவை மையவிலக்குப் பிரிப்பான், பல்கட்ட ஆவியாக்கி, உலர்த்தி, ஆவி குளிர்ந்த நீரைச் சுத்திகரிக்கும் பிரிவு. ஆவியாக்கியின் குழாய்களில் படிவு கட்டி அதைக் கழுவ நிறுத்தும் நாட்களில்தான் கசிவு நடக்கும். அந்த நாட்களில் கழிவைத் தேக்க எத்தனை நாள் கொள்ளளவுள்ள தொட்டி, அடியில் என்ன விரிப்பு என்று கேளுங்கள். எத்தனால் கலப்புத் திட்டத்துக்கான பல ஆலைகளுக்குப் பொது விசாரணை இல்லாமலே அனுமதி கிடைக்க வழி இருப்பதால், கேள்விகளைக் கிராம சபைத் தீர்மானமாக இப்போதே பதிவு செய்வது நல்லது.

பஞ்சாபில் ஜிரா பக்கத்தில் மன்சூர்வால் கிராமத்தில், நிலத்தடி நீர் கெட்டது என்று 2022 ஜூலையில் ஆலை வாசலில் உட்கார்ந்த மக்கள் மாதக்கணக்கில் எழவில்லை. 2023 ஜனவரியில் ஆலையை மூடுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அங்கே நடந்த வாக்குவாதத்தில் பெரும்பகுதி, ஆலை வருவதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது என்பது பற்றியே.

ஆகவே அஸ்திவாரம் தோண்டும் முன் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் பத்துப் பதினைந்து கிணறு, போர்வெல் தேர்ந்தெடுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கார அமிலத் தன்மை, கரைந்த உப்பு, சிஓடி (கழிவின் அளவைக் காட்டும் ஆக்சிஜன் தேவை), நைட்ரேட், குளோரைடு, பொட்டாசியம் ஆறும் பாருங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. எடுத்த இடத்தை ஜிபிஎஸ் குறிப்போடு படம் எடுத்து, ஆய்வறிக்கையின் நகலை ஊராட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ரசீது வாங்கி வையுங்கள்.